‘இயன்ற வரையில்’: எய்ட்ஸ் நோயும் மாநிலச் சுகாதாரத் துறையின் கடமையும்

(மும்பை தாராவியில் தமிழ்க் கிளைத் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். கட்சியின் தீர்மானங்களையும் அறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் பணி. அத்தகைய ஒருவனை எய்ட்ஸ் நோய் குறித்துப் பேச அழைத்தது ஏன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் எண்ணினேன். ஆயினும் இந்தப் பொருளுக்குள் நான் நுழைந்ததே மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தமிழில் தருமாறு தோழர்கள் கேட்டிருந்தார்கள். மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை அழைத்துச் செல்கின்ற தோழர்களின் கையில் இருக்க வேண்டிய சிறு ஏடு அது. பதின்மூன்றாம் பிரிவு வரை பேனா தடையின்றி ஓடியது. பதினான்காம் பிரிவில் நின்றுவிட்டது. நோயறியும் வசதி, கூட்டு மருந்துச் சிகிச்சை, எச்.ஐ.வி. உடையோரைப் பற்றும் பிற தொற்றுகளுக்கான மருத்துவம் ஆகியவற்றை ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் வழங்க வேண்டும் என்று கூறும் பிரிவு அது. ‘வழங்க வேண்டும்’ என்பதற்கு முன்னால் ஒரு சிறு தொடரை அந்தச் சட்டம் செருகி வைத்திருக்கிறது. அதைத் தமிழில் ‘முடிந்தவரை’ என்று எழுதலாம். ‘கூடுமானவரை’ என்றும் எழுதலாம். கடன் கேட்டு வரும் அண்டை வீட்டாரிடம் நாம் சொல்லும் சொல் ‘முடிந்தவரை’. அது சட்டத்திற்குப் பொருந்தாது என்று கருதி, ‘இயன்ற வரையில்’ என்று எழுதினேன். எழுதிய பிறகும் மனம் அமைதியடையவில்லை. யாருக்கு இயன்ற வரையில்? அந்த இயலுமையை அளப்பவர் யார்? மாத்திரை இல்லை என்று ஒரு தொழிலாளியைத் திருப்பி அனுப்புகின்ற மருந்தாளுநர், ‘எனக்கு இயன்றது இவ்வளவே’ என்று கூறினால், சட்டத்தின் கண்ணில் அது கடமை தவறியதாகுமா, கடமையை நிறைவேற்றியதாகுமா?

இந்தச் சட்டத்தின் முதல் வரைவை உருவாக்கிய வழக்கறிஞர் குழுவும், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அமைப்புகளும் நெடுங்காலம் உழைத்தவர்கள். அந்த வரைவு 2006ஆம் ஆண்டிலேயே ஒன்றிய அரசின் கையில் இருந்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற 2017 ஏப்ரல் வரை ஆயிற்று. நடைமுறைக்கு வர 2018 செப்டம்பர் 10 வரை ஆயிற்று. இந்தத் தொடரை நீக்குங்கள் என்று அந்த அமைப்புகள் வற்புறுத்தின. நீக்கப்படவில்லை.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் ஆறாம் இனமாக உள்ளவை. எனவே முதற்பொறுப்பு மாநிலத்தினுடையது. ஒரு மாநிலச் சுகாதாரத் துறை இந்த நோயின் முன்னால் தன் கடமை எது என்று எண்ணியது என்பதற்கு நம் நாட்டின் முதல் எடுத்துக்காட்டு, இங்கிருந்து ஓரிரவுப் பயணத் தொலைவில் இருக்கும் கோவாவில் கிடைக்கிறது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அதற்குப் பின் கோவா அரசு தன் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. தொற்று உள்ளவரைப் பிடித்துத் தனிமையில் அடைக்கும் அதிகாரம் அந்தத் திருத்தத்தின் வழியாக அதிகாரிகளுக்குக் கிடைத்தது. டொமினிக் டிசோசா என்ற இளைஞர் தவறாமல் இரத்தம் வழங்கி வந்தவர். அவர் கொடுத்த இரத்தம் சோதிக்கப்பட்டது; முடிவு அவருக்குக் கூறப்படவில்லை. 1989 பிப்ரவரி 14 அன்று காவலர்கள் அவரை அழைத்துச் சென்றார்கள். மாபுசாவில், முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த ஒரு கட்டடத்தில் அவரை அடைத்தார்கள். அறுபத்து நான்கு நாட்கள்! எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. தனக்கு நேர்ந்தது என்ன என்பதை மெல்ல மெல்லத் தாமாகவே அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவருடைய தாயார் லூசி டிசோசா பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வை அணுகினார். இடைக்கால ஆணையால் டொமினிக் வீடு திரும்பினார். ஆனால் இறுதித் தீர்ப்பு தாய்க்குச் சாதகமாக அமையவில்லை. தனிமனிதரின் உரிமையும் பொதுநலனும் மோதும்போது முன்னது பின்னதற்கு வழிவிட வேண்டும் என்று கூறி, அடைத்துவைக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தொட்டாலோ உடன் உண்டாலோ பரவாத நோய் இது என்ற மருத்துவ உண்மை அப்போதே உலகறிந்தது. டொமினிக் 1992இல் மறைந்தார். கோவாவில் எச்.ஐ.வி. உடையோருக்காக அவர் முன்னின்று தொடங்கிய அமைப்பு அதே ஆண்டில்தான் பிறந்தது.

இந்த வழக்கை நான் விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அன்றைய கோவாச் சுகாதாரத் துறை சோம்பியிருக்கவில்லை. சட்டம் இயற்றியது, இரத்தம் சோதித்தது, காவல்துறையை அனுப்பியது, கட்டடம் ஒதுக்கியது. அதற்கு எல்லாமே இயன்றன. ‘மற்றவர்களை இவரிடமிருந்து காப்பது’ என்று தன் கடமையை அந்தத் துறை வகுத்துக்கொண்டபோது, பணமும் ஆளும் இடமும் உடனே கிடைத்தன. ‘இவரைக் காப்பது’ என்று கடமை மாறியபோதுதான் ‘இயன்ற வரையில்’ என்ற தொடர் சட்டத்திற்குள் வந்தது. அடைத்துவைக்கும் பிரிவை எழுதியவர்கள் ‘இயன்ற வரையில் அடைக்கலாம்’ என்று எழுதவில்லை.

கோவாவோடு அது நிற்கவுமில்லை. 1989இலேயே மாநிலங்களவையில் ஓர் எய்ட்ஸ் தடுப்பு மசோதா கொண்டுவரப்பட்டது. கட்டாயச் சோதனையும் தனிமைப்படுத்தலும் அதன் உள்ளடக்கம். தில்லியில் எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் போன்ற சிறு குழுக்கள் எதிர்த்துப் போராடின. மசோதா கைவிடப்பட்டது. அன்று அவர்களோடு தெருவில் நின்ற தொழிற்சங்கங்கள் மிகச் சில. இதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

தொழிற்சங்கத்தைப் பற்றிச் சொன்னதால், இதே மும்பையில் நடந்த இன்னொரு வழக்கையும் சொல்கிறேன். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக உழைத்த ஒருவரை நிரந்தரமாக்கும் நேரம் வந்தது. மருத்துவச் சோதனை நடந்தது. வேலை செய்யும் உடற்தகுதி அவருக்கு இருந்தது, ஆனால் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேலையைச் செய்யும் திறன் உள்ளவரை, பிறருக்குத் தீங்கு விளையாதவரை, எச்.ஐ.வி. இருப்பதை மட்டும் காரணமாக்கி ஒருவரின் வேலையைப் பறிப்பது அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது. தம் பெயரை மறைத்து ‘எம்எக்ஸ்’ என்ற அடையாளத்துடன் வழக்காடவும் நீதிமன்றம் அவரை அனுமதித்தது. இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தரமாக்கும் நாளில் மருத்துவச் சோதனை என்பது முதலாளியின் கையில் என்ன ஆயுதமாகும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் சட்டம் வேலைக்கான நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை நடத்துவதையே தடை செய்திருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளில் இதை எத்தனை பேர் அறிவார்கள்?

இனி, நோயைத் தடுத்து நிறுத்தியவர்கள் யார் என்று பார்ப்போம். 1992இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில், அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனத்தின் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா பணியைத் தொடங்கினார். அறிவுரை கூறும் அதிகாரிகளை அனுப்புவதற்குப் பதிலாக, அங்குள்ள பாலியல் தொழிலாளர்களையே சக தோழியருக்குக் கற்பிப்பவர்களாக அவர் பயிற்றுவித்தார். பெண் ஒருத்தி மட்டும் ஆணுறையை வற்புறுத்தினால் வாடிக்கையாளன் அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். தெரு முழுவதும் ஒன்றாக வற்புறுத்தினால் அவன் போக இடமில்லை. ஆலைவாயிலில் நாம் கற்ற பாடம்தானே இது! 1995இல் அவர்கள் துர்பார் மகிளா சமன்வயக் குழு என்ற தம் சொந்த அமைப்பைக் கட்டினார்கள். நம் மகாராஷ்டிரத்தின் சாங்லியிலும் பாலியல் தொழிலாளர்களின் கூட்டமைப்பு இதே வழியில் நடந்தது.

தமிழ்நாட்டில் இத்துறையின் ஆலோசகர்களை ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று அழைப்பதுண்டு. நல்ல சொல். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. வழிகாட்டுபவனும் பாணனே, அரண்மனை அலுவலன் அல்லன். சோனாகாச்சியில் நடந்தது அதுதான். தமிழ் படித்தவனின் பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலியல் தொழிலாளரைத் தொழிலாளர் என்று அழைக்கலாமா என்ற கேள்வியில் நம் இயக்கத்திற்குள்ளும் தயக்கம் இருந்தது. இன்றும் முழுமையாக நீங்கிவிடவில்லை. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் விவாதம் முடியும்வரை சுகாதாரத் துறை காத்திருக்க முடியாது. சுகாதாரத் துறை பகலில் இலவசமாகக் கொடுத்த ஆணுறையை, உள்துறையின் காவலர் இரவில் கைப்பற்றிக் குற்றத்தின் சான்றாகக் காட்டிய காலம் நெடிது. அபாயத்தைக் குறைக்கும் இத்தகைய நடவடிக்கைகளைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. ஆணுறையைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்பதை 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் ஏற்றது. ஆகவே தன் சொந்த அரசின் காவல்துறைக்கு இந்தப் பிரிவை எழுத்து மூலம் அனுப்பி, காவல் நிலையங்களில் அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்ப்பதும் சுகாதாரத் துறையின் கடமையில் சேரும். இதற்குப் பணம் தேவையில்லை. அதனால் ‘இயன்ற வரையில்’ என்ற சாக்கும் இங்கே செல்லாது.

மருந்துக்கு வருகிறேன். 2001 பிப்ரவரியில், நம் நகரின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துகள் கொண்ட கூட்டுச் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிற்கு வழங்க முன்வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் அதே சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த காலம். இது ஒரு முதலாளியின் தயாள குணத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வகுத்திருந்ததால்தான் அது இயன்றது. 2005இல் உலக வர்த்தக அமைப்பின் விதிக்கேற்ப அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் வலிமையோடு இருந்தார்கள். பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு உள்ளிட்ட சில பாதுகாப்புகள் அந்தப் போராட்டத்தின் பலன்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு கசப்பு உண்டு. 2001இல் மும்பை நிறுவனத்தின் மருந்து ஆப்பிரிக்காவின் நம்பிக்கையாயிற்று. இந்திய அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. அதுவும் ஒரு சில மருத்துவமனைகளில் மட்டும். நம் நகரின் ஜே.ஜே. மருத்துவமனை அவற்றுள் ஒன்று. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் இந்த நகரத்தில் மடிந்தவர்கள், மருந்து செய்யப்பட்ட நகரத்திலேயே மருந்தின்றி மடிந்தார்கள். அதற்குப் பின்னரும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால்தான் மருந்து என்று பல ஆண்டுகள் வரிசையில் நிறுத்தினார்கள். தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை 2017இல்தான் வந்தது. ‘இயன்ற வரையில்’ என்ற தொடரின் பொருளை அகராதியில் தேட வேண்டாம். இந்த ஆண்டுகளின் வரிசையில் தேடலாம்.

2022இல் என்ன நடந்தது? பல மாநிலங்களில் மருந்து இருப்புக் குறைந்தது. மாதக்கணக்கில் தர வேண்டிய மாத்திரைகளைச் சில நாட்களுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தார்கள். எச்.ஐ.வி.யுடன் வாழும் தோழர்கள் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில் ஒரு மாதத்திற்கும் மேலாக இரவு பகலாக அமர்ந்து போராடினார்கள். நாடு முழுவதற்கும் போதிய இருப்பு உண்டு என்பது அரசின் பதில். நாட்டின் கிடங்கில் இருப்பது நோயாளியின் கைக்கு வராவிட்டால் அது எந்தக் கணக்கில் இருப்பு? இந்த மருந்தை நாள் தவறாமல் வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும். இடையில் நின்றால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதன்பின் விலை கூடிய அடுத்த கட்ட மருந்து தேவைப்படும். கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளி ஒன்றிய அரசின் வேலைதான். ஆனால் தட்டுப்பாடு வரும்போது உள்ளூரில் வாங்கிச் சமாளிக்கும் வழி மாநிலச் சங்கங்களுக்கு உண்டு. அந்த வழியை எந்த மாநிலம் எத்தனை நாளில் பயன்படுத்தியது என்பதே அந்த மாநிலச் சுகாதாரத் துறையை அளக்கும் கோல்.

‘சங்கம்’ என்றேன். அதைச் சற்று விளக்க வேண்டும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் சுகாதாரத் துறையின் உறுப்புகள் போலத் தோன்றினாலும், சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான தனி அமைப்புகள். உலக வங்கியின் கடனோடு 1992இல் தேசியத் திட்டம் தொடங்கியது; பணம் விரைந்து செலவாக வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி இந்த ஏற்பாடு பிறந்தது. இம்மாநகருக்கென மாநகராட்சியோடு இணைந்த தனிச் சங்கமே உண்டு. பணம் ஒன்றிய அரசினுடையது, ஆட்கள் சங்கத்தினுடையவர்கள், கட்டடம் மருத்துவமனையினுடையது. குறை என்று போனால் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுவார்கள். சோதனை மையத்தில் அமர்ந்து, நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு முடிவைச் சொல்கின்ற ஆலோசகர், பதினைந்து இருபது ஆண்டுகளாக ஒப்பந்தப் பணியாளராகவே இருக்கிறார். அவருடைய ஊதியத்தையும் பணிப்பாதுகாப்பையும் பேசாமல் நோயாளியின் உரிமையைப் பேசுவது அரைப் பேச்சு. அவர்களிடையே சங்கம் கட்டுவதும் இந்த வேலையின் பகுதியே.

‘நிதி இல்லை’ என்ற விடைக்கு நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமடைந்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை, வசதியில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பிழைத்தார். அவர் சார்ந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவதாகும், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்று 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. அப்போது அந்த மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. இதை மறைத்துவிட்டு இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்ட நான் விரும்பவில்லை. நம் ஆட்சியானாலும் பிறர் ஆட்சியானாலும், மருத்துவமனை வாசலில் நிற்கும் தொழிலாளியின் பக்கம் நின்றே நாம் கணக்குக் கேட்க வேண்டும்.

இப்போது நான் நேரில் கண்ட ஒன்று. ஊரையும் மருத்துவமனையையும் சொல்ல மாட்டேன். அந்த அம்மையாரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சொல்ல மாட்டேன். சட்டமும் அதைத் தடுக்கிறது. தமிழ் மட்டுமே அறிந்தவர். வீட்டு வேலை செய்பவர். கருப்பையில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. மொழிக்குத் துணையாக என்னை அழைத்துப் போனார்கள். சிகிச்சைக்கு முந்தைய சோதனைகளுள் ஒன்றாக எச்.ஐ.வி. சோதனையையும் செய்திருக்கிறார்கள். ஒப்புதல் கேட்டார்களா என்றால், எங்கோ கைநாட்டு வாங்கினார்கள் என்றார். சோதனைச் சீட்டை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஆங்கிலத்தில் ஒரே சொல்: ‘ரியாக்டிவ்’. “அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்? நல்லதா, கெட்டதா?” என்று என்னிடம் கேட்டார். முப்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பவன் நான். அந்த நடைபாதையில், அந்த ஒரு சொல்லை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அதைச் சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தார். அவரிடம் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. நான்தான் அழைத்துச் சென்றேன்.

பிறகு நோயேட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். அறுவைச் சிகிச்சை மூன்று முறை தள்ளிப்போனது. கருவி பழுது என்றார்கள்; மருத்துவர் விடுப்பு என்றார்கள். நான்காம் முறை, எச்.ஐ.வி. உடையோருக்குச் சிகிச்சையை மறுப்பதைத் தடை செய்யும் சட்டத்தின் பிரிவைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாளே கருவி சரியாகிவிட்டது.

தோழர்களே, அந்த மருத்துவமனையின் செவிலியரையும் நான் பழிக்கவில்லை. அன்று அந்தப் பிரிவில் போதிய கையுறை இல்லை என்பதைப் பின்னால் அறிந்தேன். யாரிடம் தொற்று இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதைவிட, எல்லா நோயாளிக்கும் ஒரேவிதமான பாதுகாப்பு முறையைக் கையாள வேண்டும் என்பதே மருத்துவ நெறி. அதற்கான கையுறையும், ஊசி குத்திவிட்டால் உடனே உண்ண வேண்டிய தடுப்பு மருந்தும், அதற்கான பயிற்சியும் ஊழியருக்குத் தரப்பட வேண்டும் என்று இதே சட்டம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தப் பிரிவில் ‘இயன்ற வரையில்’ இல்லை! துறை தன் ஊழியருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதபோது, அந்த அச்சம் நோயாளியின் தலையில் சிவப்பு மையாக இறங்குகிறது.

இரத்த வங்கிகளைப் பற்றி ஒரு சொல். 2011இல் குஜராத்தின் ஜுனாகட்டில், அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிக்கொண்டுவந்த இருபதுக்கும் மேற்பட்ட தலசீமியா குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. உரிமம் முழுக்க அரசின் கையில் உள்ள துறை இது. இதைவிட நேரடியான கடமை ஒன்று இருக்க முடியாது.

இனி நம் வேலை. 2023ஆம் ஆண்டின் அரசு மதிப்பீட்டின்படி நாட்டில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 25 லட்சத்திற்கும் மேல். எண்ணிக்கையில் மகாராஷ்டிரமே முதலிடம். அவர்களைக் கொல்லும் நோய்களில் முதன்மையானது காசநோய். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் உறங்கும் இந்தக் குடியிருப்பில் அது எப்படிப் பரவும் என்பது உங்களுக்கே தெரியும். மருந்து இலவசம்தான், ஆனால் அதை வாங்க வேலைநாளின் காலை நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நாட்கூலித் தொழிலாளிக்கு அந்த இலவச மருந்தின் விலை ஒருநாள் கூலி. மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ மருந்து வழங்கக் கோர வேண்டும். நிலையாக உள்ளவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒருசேரத் தர வேண்டும். ஊருக்குச் சென்று திரும்பும் தொழிலாளிக்கு எந்த மாநிலத்தின் மையத்திலும் தடையின்றி மருந்து கிடைக்க வேண்டும்.

சட்டத்தில் நம் கைக்கு எட்டும் பிடி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாநில அரசும் குறைகேள் நடுவர் ஒருவரையோ பலரையோ நியமித்தாக வேண்டும். பாகுபாடு குறித்தும் சிகிச்சை மறுப்பு குறித்தும் யார் வேண்டுமானாலும் அவரிடம் முறையிடலாம். முப்பது நாட்களுக்குள் அவர் ஆணையிட வேண்டும். உயிர் ஆபத்தான நிலையில் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் ஆணையிடுவது நலம் என்றும் சட்டம் கூறுகிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை, வந்த முறையீடுகள் எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன என்று அவர் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். அது மக்கள் பார்வைக்கு வெளியிடப்படவும் வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் மருத்துவமனைகளில் முறையீட்டு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பெரும்பாலான நோயாளிகள் இந்த நடுவர் இருக்கிறார் என்பதையே கேள்விப்பட்டதில்லை. முறையீடு வராத இடத்தில் குறையே இல்லை என்று துறை எழுதிக்கொள்ளும்.

எனவே மாவட்டக் குழு ஒரு விண்ணப்பத்தைத் தயாரித்திருக்கிறது. குறைகேள் நடுவரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் வாசலிலும் மராத்தி, இந்தி, தமிழ், உருது ஆகிய மொழிகளில் எழுதி வைக்கப்பட வேண்டும். அவருடைய கடந்த அறிக்கைகளின் படிகள் தரப்பட வேண்டும். கடந்த இரண்டாண்டுகளில் எந்தெந்த மையத்தில், எத்தனை நாட்கள், எந்த மருந்து இருப்பில் இல்லை என்ற கணக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளியிடப்பட வேண்டும். கடைசிக் கேள்வியை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன். இயன்றது எவ்வளவு என்பதைத் துறையே தன் கையெழுத்தில் எழுதித் தரட்டும்.

விண்ணப்பத்தின் மராத்திப் படியும் தமிழ்ப் படியும் பின்வரிசை மேசையில் உள்ளன. கையொப்பம் வாங்கச் செல்லும் தோழர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்த வீட்டிலும் ‘உங்களுக்கு இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். தாமே முன்வந்து சொல்பவரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு இதே அரங்கில் கூடுவோம்.